எஸ்தரக்காவின் வசவுகள்

கிண்டியில் ஏறியதுமே உட்கார இடம் கிடைத்துவிட்டது, பெண்கள் பெட்டியில், ஜன்னலோரம். மூன்று வருடமாக ஏங்கிய இடம் இன்றைக்குப் பார்த்துக் கிடைக்கிறது. நின்றுகொண்டு போயிருந்தால் காலாவது வலித்திருக்கும், அந்த வலியையே நினைத்துக்கொண்டு குரோம்பேட்டை வரை போயிருக்கலாம், உட்கார்ந்தால் மற்றதெல்லாம் வந்துவிடுகிறது. இன்னும் இருபது நிமிடம். இறங்கி, மேம்பாலப் படி ஏறி இறங்கி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற டூவீலர் ஸ்டாண்டில் என் ஸ்கூட்டரை எடுக்க வேண்டும். ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிறவர் எஸ்தரக்கா. அவர் முகத்தைப் பார்க்காமல் எடுக்க முடியுமா, ஹெல்மெட்டை முன்னாலேயே மாட்டிக்கொண்டு, போன் பேசுகிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு? முடியாது, டோக்கனை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். காலையில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், "தெரியலக்கா" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடி வந்தேன். ஓட வேண்டிய அவசியமே இல்லை, அடுத்த ரயில் எட்டு நிமிடத்தில் இருந்தது. தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாளோ, அதுவாக இருக்கக் கூடாது, சத்தத்தைக் கூட்டாமல் இருந்தால் போதும்.

பரங்கிமலை. யாரோ மல்லிகைப் பையோடு ஏறுகிறார்கள், பெட்டி முழுக்க மணக்கிறது, மதியம் ஆபீசில் வெட்டிய கேக்கின் எசன்ஸ் வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்கிறேன். கேக்கின் மேல் 'வாழ்த்துகள் மங்கை' என்று எழுதியிருந்தார்கள். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி, அது கேக்கில் கொள்ளாது. நான் ஒரு கேம் கம்பெனியில் வசனம் எழுதுகிறேன், யாராவது கேட்டால் அம்மா கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக்கொள்கிறாள். எங்கள் கேமில் கடல் பாதி விழுங்கிய ஒரு ஊர், அந்த ஊரைவிட்டு வெளியேற ஒரே ஒரு கேட், அந்தக் கேட்டைக் காக்கிற கிளாரா என்று ஒரு பொம்பளை. விளையாடுகிறவன் ஒவ்வொரு முறை சாகும்போதும் அவள் காலடியில்தான் திரும்ப எழுந்திருப்பான், எழுந்ததும் அவள் அவனைத் திட்டுவாள். இப்போது கிளாரா திட்டுவதைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று கடலில் குதித்துச் செத்துச் செத்துத் திரும்புகிறார்கள், அதை ரெக்கார்டு செய்து போடுகிறார்கள், அதில் ஒன்றைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், அதற்குத்தான் கேக். எங்கள் டீம் லீடர் ஃபைசல் கத்தியை என் கையில் கொடுத்து, "இவ்ளோ சாதுவான பொண்ணுக்குள்ள இப்படி ஒரு வாயி எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஒரு வினாடி இருந்தது, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வினாடி, அப்போது சொல்லியிருக்கலாம். கேக்கை வெட்டினேன்.

எனக்குத் திட்ட வராது. ஒன்பது வயதில், விழுப்புரத்தில், சாப்பிடும்போது தம்பியைப் பார்த்துப் "போடா மயிரு" என்று சொன்னேன், அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்து போனார், மூன்று நாள் என்னோடு பேசவில்லை, அடித்திருந்தால் மறந்திருப்பேன். அதற்கப்புறம் எந்த வார்த்தையும் தொண்டையைத் தாண்டியதில்லை, பஸ்ஸில் இடிக்கிறவனிடமும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றுதான் வரும். அப்படிப்பட்ட எனக்குத்தான் ஃபைசல் வசவுப் பட்டியலை ஒப்படைத்தான், எக்செல்லில் மூன்று கட்டம், லேசு, நடுத்தரம், கனம். முதலில் 'நாசமாய்ப் போகிறவனே' என்று எழுதினேன், ஃபைசல் "புராண நாடகமா போடறோம்?" என்றான். வெளிநாட்டுக் கேம்களில் ஒரே சின்ன வார்த்தை எல்லாவற்றுக்கும் போதுமாயிருக்கிறது, கதவு திறக்காவிட்டாலும் அது, காதலி போனாலும் அது. நம் தெருவில் புழங்குகிற வார்த்தை ஒவ்வொன்றையும் எழுதி எழுதிப் பார்த்தேன், தனியாக வருவதே இல்லை, எவனையாவது திட்டினால் கூடவே அவன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வருகிறது, அம்மாவை விட்டால் ஒரு சாதியை. சாதி வேண்டவே வேண்டாம் என்று நானும் ஃபைசலும் முதல் நாளே பேசி வைத்துவிட்டோம். அம்மாக்கள் வருகிற வரிகளையும் நான் கோடு போட்டு அடித்தேன். அடித்த பிறகு பார்த்தால் 'கனம்' என்ற கட்டம் மொத்தமும் காலி. இரண்டு மாதம் காலியாகவே இருந்தது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஃபைசல் அந்தக் கட்டத்தைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், அடுத்த வேலைக்குப் போய்விடுவான். வேலை போய்விடும் என்று நினைத்தேன். பயத்தில் செய்தேன் என்று சொல்லலாமா? சொல்லலாம், பாதி உண்மை.

பழவந்தாங்கலில் ரயில் நின்றது, புறப்பட்டது. போன வருடம் ஐப்பசி மழை, ஏழு மணி இருக்கும். பல்லாவரத்தில் ஏறினவனோ, அதற்கு முன்பே இருந்தவனோ, மேம்பாலத்தில் எனக்குப் பின்னால் வருகிறான் என்பது ஐந்தாவது படியில் தெரிந்தது, நான் நின்றால் நின்றான், வேகமாக நடந்தால் வேகமாக நடந்தான். ஸ்டாண்டுக்குள்ளேயே வந்துவிட்டான். நான் சாவி போடுகிறேன், அவன் கை என் ஹேண்டில்பாரில். "ஸ்டார்ட் ஆவலியா, நான் பண்ணித் தரட்டுமா?" அவன் மோதிர விரலில் நகம் நீளமாக வளர்ந்திருந்தது. எனக்கு வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அப்போது தகரக் கொட்டகைக்குள்ளிருந்து எஸ்தரக்கா வந்தார், புடவைக்கு மேல் காக்கிச் சட்டை, ஒரு கையில் டோக்கன் கொத்து, முட்டி தேய்ந்த நடை, ஓடக்கூட இல்லை. "கைய எட்றா நாயே. மூஞ்சப் பாரு, தாழ்ப்பா இல்லாத கக்கூஸ் கதவு மாரி." அவன் ஏதோ சொல்லப் போனான். "வாயத் தொறக்காத, கூவமே மூக்கப் பொத்திக்கும். டேய், சாணிய மிதிச்சவன் கால கழுவிட்டுப் பூடுவான். உன்ன மிதிச்சா கால வெட்டிப் போட்டுட்டுதான்டா போவணும், பொறம்போக்கு!" குரல் மட்டும்தான். ஸ்டாண்டில் வண்டி எடுக்க வந்த நாலு பேர் திரும்பினார்கள், டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார், அவன் கை தானாக விலகிவிட்டது. போய்விட்டான். எஸ்தரக்கா என் சீட்டைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "இன்னா பாப்பா, வாயில கொழுக்கட்டையா? நாலு வார்த்த கேக்க மாட்ட?" "வரலக்கா." "வரும். மொத வார்த்ததான் கஷ்டம், அப்பால அதுவே கெளம்பி வந்துரும்." நான் அழுதேன், அவர் மழை நிற்கிறவரைக்கும் என் பக்கத்திலேயே நின்றார். வீட்டுக்குப் போனேன், ஈரத் துணியைக்கூட மாற்றவில்லை, பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு வரி விடாமல் எழுதினேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவனை நினைத்து நடுங்கியது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இல்லை, கட்டம் நிரம்பப் போகிறது என்ற சந்தோஷம் அது.

மீனம்பாக்கம். வார்த்தைக்குச் சொந்தக்காரர் உண்டா என்ன, தெருவில் விழுந்ததை எடுத்துக்கொண்டேன், காதில் விழுந்தது ஞாபகத்தில் நின்றது, ஞாபகத்தில் நின்றதை எழுதினேன், எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதானே. ஞாபகத்திலிருந்து. அப்படித்தான் ஃபைசலிடம் சொன்னேன், இல்லை, அவனிடம் அதையும் சொல்லவில்லை, எல்லாம் என் கற்பனை என்று அவனாக நினைத்துக்கொண்டான். ஞாபகத்திலிருந்து என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. ஞாபகத்திலிருந்து எழுதினால் முதல் நாள் வசனங்கள்தானே வர வேண்டும், கேமில் இருக்கிற அறுபது வசனங்கள் எங்கிருந்து வந்தன? இந்த இடத்துக்கு வந்ததும் மனசு ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. திரிசூலம் மலை வருகிறது, விமானம் இறங்குகிறது, சக்கரம் தொங்குகிறது, எவ்வளவு தாழ்வாக வருகிறது பார். ரெக்கார்டு செய்தேன். பதினோரு நாள். வேலை முடிந்து வந்து வண்டியை எடுக்காமல் கொட்டகை ஓரம் நின்றுகொண்டு, அம்மாவோடு பேசுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் குடிகாரர்களையும், குறுக்கே நிறுத்துகிறவர்களையும், பக்கத்து ஸ்டாண்டு ஹெல்மெட்டைத் திருடிக்கொண்டு வருகிறவனையும் திட்டத் திட்ட பதிவு செய்தேன். போனில் அந்த ஃபோல்டருக்கு 'மழை சத்தம்' என்று பெயர் வைத்தேன், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவிலும் போய் நின்றேன், அன்றைக்குத் திட்டவே இல்லை, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டேன், "இன்னிக்கு யாரும் தகராறு பண்ணலயாக்கா?" "ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்தா வாய்க்கு லீவு பாப்பா" என்று சிரித்தார். "எனக்குக் கையி காலுல பெலன் இல்ல, முட்டி போச்சி. வாயி ஒண்ணுதான் கீது. இதுக்கு முன்னாடி இங்க இருந்த ஆம்பள ரெண்டே மாசத்துல ஓடிட்டான், நான் ஒம்பது வருஷமா நிக்கறேன்." அதையும் பதிவு செய்தேன். டப்பிங் பேச வந்த பெண்ணின் காதில் ஹெட்போனை மாட்டி, "இந்தக் கரகரப்பு வேணும், 'டேய்'ல ஒரு இழுப்பு வருது பாருங்க, அது வேணும்" என்றேன். "யாரு மேடம் இவங்க, செம" என்றாள். "சும்மா, தெரிஞ்சவங்க" என்றேன். டிசைனரிடம் காக்கிச் சட்டை என்று சொன்னதும் நான்தான். கடைசிக் காட்சியை எழுதினதும் நான்தான். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

காலையில் நடந்தது இது. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க மூன்று பேர் ஒரு பைக்கில் வந்து, உள்ளே போகிற வழியை அடைத்து நிறுத்தினார்கள். எஸ்தரக்கா எழுந்து வந்தார். "டேய், சாணிய மிதிச்சவன்" என்று தொடங்கினார். அவ்வளவுதான், மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, கச்சேரியில் கூடப் பாடுகிற மாதிரி, கோரஸாக மீதியை முடித்தார்கள், இழுப்பு முதல் 'பொறம்போக்கு' வரைக்கும். ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். "அக்கா, செமயா பண்றீங்க, அப்படியே கிளாரா, இன்னொரு வாட்டி!" எஸ்தரக்கா அடுத்ததைச் சொன்னார், கூவத்தை. அதையும் சேர்ந்து சொன்னார்கள், வண்டி எடுக்க நின்றவர்களும் சிரித்தார்கள், டீக்கடைக்காரர் சிரித்தார். எஸ்தரக்காவின் வாய் பாதியில் நின்றது. தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு புடவையில் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். அவர்கள் பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனார்கள், அவர் தேய்ந்த முட்டியோடு அதை இழுத்து ஓரம் கட்டினார், நான் பின்பக்கம் பிடித்துத் தள்ளினேன். "ஏ பாப்பா, நான் இன்னா சொல்லிட்டேன்? ஒரு வாரமா இதே கத. ஏன் சிரிக்கிறானுங்க?" "தெரியலக்கா." "எனக்கு முன்னாடி அவனுங்களுக்கே தெரியுது நான் இன்னா சொல்லப் போறேன்னு. மந்திரம் மாரி கீது. பயமா கீது பாப்பா." இந்த மூன்று வருடத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபீஸ் போய் கேக் வெட்டினேன். வெட்டி முடித்ததும் ஃபைசல், "ரெண்டாம் பாகத்துக்கு இருபது புது வசவு வேணும் மங்கை, நாளைக்கு உக்காந்துருவோம்" என்றான், அந்த நிமிடம் என் மனசு என்ன செய்தது தெரியுமா, இனிமேல் எஸ்தரக்கா திட்டுவாரா, திட்டாவிட்டால் இருபதுக்கு எங்கே போவேன் என்று யோசித்தது. ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடம் போதும். அப்புறம்தான் வேறொன்று உறைத்தது, அந்த நீள நகக்காரன் மறுபடி வந்தால், என் ஹேண்டில்பாரில் கை வைத்தால், எஸ்தரக்கா வந்து வாயைத் திறந்தால், அவனும் சிரிப்பான். அவன் கை விலகாது. எனக்கு மட்டுமா, அந்த ஸ்டாண்டில் வண்டி விடுகிற நர்ஸ் பெண்கள், துணிக்கடைப் பெண்கள், அத்தனை பேருக்கும் அவர் வாய்தான் கதவு.

பல்லாவரம். போனை எடுத்து ஃபைசலுக்கு எழுதினேன், அழித்தேன், எழுதினேன். 'கிளாரா வசனம் எதுவும் என்னுடையது இல்லை. என் ஸ்டேஷன் ஸ்டாண்டில் இருக்கிற அக்காவுடையது. கேட்காமல் ரெக்கார்டு செய்து எடுத்தேன்.' அனுப்பிவிட்டேன். போனைப் பைக்குள் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, வாடகை, தம்பி, அம்மா சொல்லிக்கொள்கிற கம்ப்யூட்டர் வேலை. குரோம்பேட்டை வருகிறது, எதிரில் இருந்த பெண் இறங்கத் தயாராகிறாள், நானும் எழுந்தேன். படி ஏறும்போது, அவரிடம் சொல்ல வேண்டியதில்லையே, ஆபீசில்தான் சொல்லியாயிற்றே என்று ஒரு குரல், படி இறங்கும்போதும் அதே குரல். எஸ்தரக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், டோக்கன் கொத்து மடியில். "வந்தியா பாப்பா. மூஞ்சி ஏன் இப்டி கீது, ஒடம்பு சரியில்லியா?" நான் பையைக் கீழே வைத்தேன். "அக்கா, காலைல கேட்டீங்களே, ஏன் சிரிக்கிறாங்கன்னு." "ஆமா." "எனக்குத் தெரியும்கா. காலைலயே தெரியும்."

போனில் போட்டுக் காட்டினேன். கிளாரா காக்கிச் சட்டையோடு கேட் முன்னால் நிற்கிறாள், டேய் என்று இழுக்கிறாள். எஸ்தரக்கா போனைத் தன் கையில் வாங்கி முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டார். கிளாராவின் நெற்றிக்கு மேல் ஃபைசலின் பதில் வந்து விழுந்தது, 'சூப்பர் மங்கை! அவங்களையே கூட்டிட்டு வா, ரெண்டாம் பாகத்துக்கு நேரா அவங்க வாயாலயே எடுத்துடலாம்!' அவர் அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் கடைசி வரை பார்த்தார். "இது இன்னா, படமா?" "கேம்கா. வெளையாட்டு. நான்தான் எழுதினேன். நீங்க சொன்னதத்தான் எழுதினேன்." "கொரலுகூட என்னிது மாரியே கீது." "உங்கள ரெக்கார்டு பண்ணேன்கா. உங்களுக்குத் தெரியாம. பதினோரு நாள்." அவர் டோக்கன் கொத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "அன்னிக்கி மழைல உன் வண்டியப் புடிச்சானே, அவனச் சொன்னதுமா இதுல கீது?" "அதான்கா மொதல்ல." திரையில் நின்றிருந்த கிளாராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பொம்பள கடைசில இன்னா ஆவுறா?" அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். "சொல்லு." "செத்துருவாக்கா. அவளக் கொன்னாதான் கேட்டத் தாண்ட முடியும்." "யாரு கொல்றது?" "வெளையாடறவங்க." "எல்லாருமா?" "எல்லாரும்." "சாவும்போதாவது ஏதாச்சும் கேக்கறாளா அவனுங்கள?" "இல்லக்கா. ஒண்ணும் பேச மாட்டா. அப்டித்தான் எழுதினேன்." அதைத்தான் ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள், அந்த மௌனம் என்னமா இருக்கு என்று.

"நாளைக்கே போய் எடுக்கச் சொல்றேன்கா, எல்லாத்தையும்." "எதுலேர்ந்து எடுப்பீங்க? அவனுங்க வாயிலேர்ந்தா?" 'எடுப்ப' இல்லை, எடுப்பீங்க என்றுதான் சொன்னார், காதில் விழுந்தும் நம்ப முடியவில்லை. "திட்டுங்கக்கா" என்றேன், "என்ன நல்லா திட்டுங்க." உண்மையாகவே காத்திருந்தேன், அவருக்குத் தெரிந்ததிலேயே கனமான ஒன்று, யாரும் கேட்டிராத ஒன்று, எனக்கென்றே ஒன்று. அவர் போனைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார். "டோக்கன் குடுங்க மேடம்." பேங்க் மேனேஜர் வந்தால் சொல்கிற வார்த்தை. கொடுத்தேன். வழக்கம்போல வரிசையிலிருந்து என் ஸ்கூட்டரைப் பின்பக்கம் பிடித்து இழுத்து விட்டார், வழியில் கல் இருந்தது, அதைக்கூடக் காலால் ஒதுக்கினார். வெளியே போகிற இடத்தில் ஒருவன் பைக்கைக் குறுக்கே நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். எஸ்தரக்கா அவனிடம் போனார். "சார், வண்டிய கொஞ்சம் ஓரமா வெச்சிக்கறீங்களா" என்றார், அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை, மெல்லிசாக இருந்தது. அவன் திரும்பவில்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், "அண்ணா, கொஞ்சம் வழி" என்று வந்தது. அவன் எங்களைப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி, இருங்க என்பதுபோல் காட்டிவிட்டு, பேச்சைத் தொடர்ந்தான். எஸ்தரக்கா கையைக் கட்டிக்கொண்டார். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். அவன் பேசி முடிக்கிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றோம்.